இரண்டாவது ரிங் எங்கே போனது

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை தெரியாதவனைக் கண்டால் வரும், தெரிந்தவன் மாதிரி நடிப்பவனைக் கண்டால் இரண்டு மடங்காக வரும். ஆனால் இந்த விஷயத்தில் யார் மேல் கோபப்பட வேண்டும் என்று கண்டுபிடிக்கவே எனக்கு நாலு வெள்ளிக்கிழமை பிடித்தது. அதுவரை கண்ட கண்ட ஆட்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு. பதுளையில் தொலைபேசிப் பெட்டிகள் பொருத்திக் கொடுக்கும் ஒரு சின்னக் கொம்பனியில் நான் டெக்னீஷியன். கொம்பனி என்றால் முதலாளி, நான், ஒரு ஏணி. அந்த வருடம் தேயிலைத் தோட்டக் கந்தோர்களுக்கெல்லாம், அதாவது அலுவலகங்களுக்கெல்லாம், ஐ.எஸ்.டி.என். என்று ஒரு புது லைன் வந்துகொண்டிருந்தது. அன்றன்று எடுத்த கொழுந்தின் விபரத்தைக் கொழும்புக்குக் கம்ப்யூட்டரில் அனுப்ப வேண்டுமாம். நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்தில் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்கள் நல்ல மனிதர்கள்.

அந்த லைன் எப்படி என்றால், ஒரே கம்பி, அதற்குள் இரண்டு சனல். ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசலாம். பஸ்ஸுக்கு முன் கதவும் பின் கதவும் இருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சனலில் வரும் அழைப்பு பெரிய கிளாக்கர் கிருஷ்ணராஜின் மேசையில் மணி அடிக்கும். இரண்டாவது சனலில் வருவது, நடுவில் கதவு போட்ட அடுத்த அறையில், தோட்ட மனேஜரான துரையின் மேசையில் அடிக்கும். துரைதான் தனக்கென்று ஒரு ஃபோன் வேண்டும் என்று கேட்டார்.

இதற்கு எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு கேள்வி: வரும் அழைப்புகளைச் சனல்களுக்கு எப்படிப் பிரிப்பது? பக்கத்தில் இரண்டு கட்டம். ஒன்று வரிசை முறை. அதாவது முதல் சனல் சும்மா இருந்தால் எப்போதும் அதற்கே கொடுப்பது, அதில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் மட்டும் இரண்டாவதுக்குக் கொடுப்பது. மற்றது சுழற்சி முறை. ஒரு அழைப்பு முதலாவதுக்கு, அடுத்த அழைப்பு இரண்டாவதுக்கு, இப்படி மாறி மாறி. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, சுழற்சிக்கு நேரே சரி போட்டேன். ஒருவன் முறிந்து முறிந்து வேலை செய்ய மற்றவன் படுத்துக் கிடப்பதைக் கண்டாலே எனக்கு ஆகாது. அது சனலாக இருந்தாலும்தான்.

ஆனால் அந்தக் கந்தோருக்குள் வேறொரு ஏற்பாடு எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது.

இராக்கம்மா அந்தத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர். புருஷன் இல்லை. ஒரே மகள் ஜீவராணி, குவைத்தில் ஒரு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் யாரிடமும் ஃபோன் கிடையாது. கந்தோர் ஃபோனில் தொழிலாளர்களுக்கு அழைப்பு வரக் கூடாது என்பது துரையின் கட்டளை. ஆகவே தாயும் மகளும் கிளாக்கரும் சேர்ந்து ஒரு வழி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் அந்தக் குவைத் வீட்டு ஆட்கள் எல்லாரும் பெரியவர் வீட்டு விருந்துக்குப் போய்விடுவார்கள். அப்போது நமக்குப் பின்னேரம் மூன்று மணி. ஜீவராணி கந்தோர் இலக்கத்துக்கு அடிப்பாள், ஒரு ரிங் போனதும் வைத்துவிடுவாள். உடனே இரண்டாம் தரம் அடிப்பாள், மறுபடியும் ஒரு ரிங்கோடு வைத்துவிடுவாள். இரண்டு ரிங் என்றால் நல்லா இருக்கிறேன். ஒரே ஒரு ரிங்கோடு நின்றுவிட்டால் ஆபத்து, என்னைக் கூப்பிடு.

யாரும் ரிசீவரைத் தூக்குவதில்லை, துரையின் கட்டளையும் மீறப்படவில்லை. நாலு மணிக்குப் பெண்கள் கூடையோடு கொழுந்து நிறுக்க வரும்போது கிருஷ்ணராஜ் ஜன்னலருகில் நின்று இரண்டு விரலைக் காட்டுவார். இராக்கம்மா தலையை ஆட்டிவிட்டுப் போவார். எட்டு மாதமாக இரண்டு விரல்தான்.

நான் பெட்டியைப் பொருத்தியது மே இருபத்தொன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை. அந்த வெள்ளி, ஜூன் முதலாம் திகதி, கிருஷ்ணராஜ் ஒரு விரலைக் காட்டினார்.

அன்று இராக்கம்மா கூடையை நிறுவையில் வைக்காமலே கீழே போட்டுவிட்டாராம். கங்காணி ஏசியதுகூட அவர் காதில் விழவில்லையாம். அந்த நேரத்துக்கு மேல் பஸ் இல்லை. அடுத்த நாள் சனிக்கிழமை காலையில் பஸ் பிடித்துப் பசறை டவுனுக்குப் போய், ஒரு கொமியூனிகேஷன் கடையிலிருந்து குவைத்துக்கு ஃபோன் எடுத்தார். அங்கே ரிசீவரைத் தூக்கியது வீட்டுக்கார அம்மா. அரபியில் ஏதோ கேட்டாள். இராக்கம்மா 'ஜீவராணி, ஜீவராணி' என்று கத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் பலமாக ஒரு கத்தல் வந்தது. லைன் வெட்டுப்பட்டது.

எட்டாம் திகதி வெள்ளி. மறுபடியும் ஒரு விரல். மறுபடியும் சனிக்கிழமை, மறுபடியும் பசறை. இந்த முறை அந்த அம்மா குரலைக் கேட்டதுமே வைத்துவிட்டாள்.

இவ்வளவும் நடக்கும்போது நான் பதுளையில் ஒன்றும் தெரியாமல் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். ஜூன் பதினோராம் திகதி திங்கட்கிழமை துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மிஸ்டர் மது, உங்க மெஷினுக்குப் பைத்தியம்," என்றார். துரை சிங்களவர், ஆனால் தோட்டத்தில் இருபது வருடம் இருந்து தமிழ் பழகியவர். "லொறிக்காரன் பொண்டாட்டி என் ஃபோனுக்கு எடுக்குறா. உரக் கம்பெனிக்காரன் என் ஃபோனுக்கு எடுக்குறான். கொழும்பு ஆபீஸ்ல இருந்து எனக்கு வர்ற கோல் கிளாக்கர் மேசையில அடிக்குது. அது போகட்டும். ரெண்டு வெள்ளிக்கிழமையா மூணு மணிக்கு என் ஃபோன் ஒரு தரம் அடிக்குது, நான் கைய வைக்கிறதுக்குள்ள நின்னு போகுது. யார் என்னோட வெளையாடுறது?"

"சேர், அது லோட் ஷெயரிங்," என்றேன் நான், சுழற்சி முறையின் இங்கிலீஷ் பெயரைச் சொல்லி.

"மூணு மணிக்கு ஒரு ரிங் அடிச்சு நிக்கிறது லோட் ஷெயரிங்கா?"

எனக்கு மண்டை காய்ந்தது. அழைப்புகள் மாறி மாறி வருவது என் ஏற்பாடு, சரி. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மட்டும் ஒரு ரிங் எப்படி? வயரைப் பார்த்தேன். எலி கடிக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தேன், பல்லி முட்டை மட்டும் இருந்தது. துரையின் ஃபோனை மாற்றினேன். பூமிக் கம்பியை இழுத்துப் பார்த்தேன். பதுளையிலிருந்து முதலாளியைப் பத்துத் தடவை அடிக்கச் சொன்னேன். பத்தும் ஒழுங்காக வந்தன, ஐந்து இந்தப் பக்கம், ஐந்து அந்தப் பக்கம். பிழையே இல்லை. பிழை இல்லாத மெஷினில் பிழை தேடுவது போல ஒரு கோதாரி வேலை வேறு இல்லை.

கிருஷ்ணராஜிடம், "அண்ணன், வெள்ளிக்கிழமை மூண்டு மணிக்கு என்ன நடக்கிறது?" என்று கேட்டேன். அவர் முகம் ஒரு மாதிரிப் போனது. துரையின் கதவைப் பார்த்தார். "எனக்கு ஒன்னும் தெரியாதுங்க மிஸ்டர் மதுசூதனன்," என்றார். இந்த மனிதருக்கு எதுவுமே தெரியாது போலிருக்கிறதே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். அவர் பயந்தது தன் வேலைக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவருக்கும் எதுவும் விளங்கியிருக்கவில்லை என்பதுதான் இன்னொரு கூத்து. துரையின் அறையில் ஒரு ரிங் அடித்து நிற்பதை அவர் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறார். அது துரைக்கு வந்த ஏதோ அழைப்பு, துரை எடுத்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார். ஜீவராணியின் ரிங் எட்டு மாதமாகத் தன் மேசையில்தானே அடித்தது, அது எதற்குத் துரையின் அறைக்குப் போகப் போகிறது?

நாலு மணிக்கு நான் வெளியே ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கூடையோடு பக்கத்தில் வந்து நின்றார். தலையில் துண்டு, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, கை முழுக்கக் கொழுந்துக் கறை. ஜன்னல் வழியாகப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர்தான் இராக்கம்மா என்று எனக்கு அப்போது தெரியாது.

"என்னம்மா பாக்கிறியள்?" என்றேன்.

"ஒன்னுமில்லீங்க ஐயா. இந்தப் பொட்டி நல்லா வேல செய்யுதுங்களா?"

எனக்கு வந்ததே ஒரு கோபம். காலையிலிருந்து துரை கேட்ட அதே கேள்வியை இப்போது இவரும் கேட்கிறாரே. "ஏன் வேலை செய்யாது? நான் பூட்டின பெட்டி. ஒரு பிழையும் இல்லை. போய் உங்கட வேலையைப் பாருங்கோ," என்றேன்.

"சரிங்க ஐயா," என்று அவர் போய்விட்டார். போகும்போது சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று நினைத்தேன். அவர் என்னிடம் வந்தது, பெட்டியில்தான் பிழை என்று ஒருவராவது சொல்ல மாட்டாரா என்று. நானோ இல்லை என்று அடித்துச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாளே அவர் பதுளைக்கு வந்து, மகளை அனுப்பிய ஏஜென்சிக்காரரிடம் கடிதம் கொடுத்திருக்கிறார். என் பிள்ளையைத் திருப்பி அழைத்துத் தாருங்கள் என்று. யாரையோ பிடித்து எழுதுவித்து, கீழே பெருவிரல் வைத்திருக்கிறார். அதே நாளில் நானும் பதுளை எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். எல்லாக் கோலும் முதலில் கிளாக்கரிடமே போகட்டும் என்று துரை பிடிவாதமாக நின்றதால் வேறு வழியில்லாமல் புதுப் படிவம் நிரப்பி, வரிசை முறைக்கு நேரே சரி போட்டேன். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. கவுண்டரில் இருந்தவர் வாங்கிப் பார்த்து, "செய்றோம். செஞ்சதும் தோட்டத்துக்குக் கடிதம் வரும்," என்றார். எப்போது என்று கேட்டேன். ஒரு வாரமும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம் என்றார். அரசாங்கக் கந்தோர்க் கதைதானே என்று விட்டுவிட்டேன்.

பதினைந்தாம் திகதி வெள்ளி. கிருஷ்ணராஜ் மூன்றாம் முறையும் ஒரு விரலைக் காட்டினார். அந்தச் சனிக்கிழமை இராக்கம்மா பசறைக்குப் போகவில்லை; எடுத்தால் அந்த அம்மா வைத்துவிடத்தானே போகிறாள், ஏஜென்சிக்காரர் பார்த்துக்கொள்வார் என்று காத்திருந்தார்.

பதினெட்டாம் திகதி திங்கட்கிழமை நான் தோட்டத்துக்குப் போய்ச் சோதித்துப் பார்த்தேன். முதலாளி பத்துத் தடவை அடித்தார். பத்தும் கிளாக்கர் மேசையில். அப்பாடா, மாற்றிவிட்டார்கள். துரை முதுகில் தட்டி, "இப்ப மெஷினுக்குச் சொகம்," என்று சொல்லிவிட்டுக் கொழுந்து மலைக்குப் போனார். அவருடைய ஜீப் வளைவில் மறைந்ததுதான் தாமதம், கிருஷ்ணராஜ் கதவைச் சாத்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மிஸ்டர் மதுசூதனன், ஒரு விஷயம். தொரைக்குச் சொல்லிராதீங்க. என் வேல போயிரும்."

எல்லாவற்றையும் சொன்னார். குவைத், இரண்டு ரிங், ஒரு ரிங், விரல், பசறை, ஏஜென்சிக் கடிதம், எல்லாவற்றையும். "மூணு வாரமா அந்தப் பொம்பள சோறு தண்ணி இல்லாம கெடக்குது. எனக்கும் ராவுல தூக்கமில்ல. அந்தப் புள்ளைக்கு என்னா நடந்துச்சுன்னே தெரியல."

கேட்டுக்கொண்டிருந்த நான் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். கிருஷ்ணராஜ் துள்ளிப் போனார்.

"ஐயோ அண்ணன்! இது என்ர மெஷின் செய்த வேலை! பிள்ளை ரெண்டு தரமும் அடிச்சிருக்கிறா. சுழற்சி முறையிலை ஒண்டு உங்கட மேசைக்கு வந்திருக்கு, மற்றது துரையின்ர அறைக்குப் போயிருக்கு! துரை சொன்ன அந்த மூண்டு மணி ரிங் எது? அதுதான் இது!"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. ஒரு கடதாசியில் இரண்டு கோடு போட்டு, அம்புக்குறி போட்டுக் காட்டினேன். பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். ஒரு வாரமாகப் பிழை தேடி அலைந்தவனுக்குப் பிழை கிடைத்தால் எவ்வளவு சந்தோஷம் என்று இந்தத் தொழில் செய்தவனுக்குத்தான் தெரியும். பிழை என்னுடையதாக இருந்தும் எனக்குச் சந்தோஷம்தான்.

இராக்கம்மாவை மலையிலிருந்து கூப்பிட்டு அனுப்பினோம். வந்தவர் வாசலில் நின்று, என் முகத்தையும் கிளாக்கர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். காலையே எடுத்து வைக்கவில்லை. பிணச் செய்தி என்று நினைத்துவிட்டார்.

"அம்மா, உங்கட மகளுக்கு ஒண்டுமில்லை. நல்லா இருக்கிறா. ரெண்டு ரிங்தான் குடுத்திருக்கிறா. என்ர பெட்டி ஒண்டைக் கொண்டுபோய்த் துரையின்ர அறையிலை அடிச்சுப்போட்டுது. விளங்குதா?"

"அப்ப மூணு வாரமும் ரெண்டு ரிங்கா ஐயா?"

"மூண்டு வாரமும்."

"நெசமாவா ஐயா? எம் புள்ள நல்லா இருக்கா?"

"நான் சொல்லுறன் அம்மா. சத்தியமா."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அழுதார், சிரித்தார், மூக்கைச் சிந்தினார், மறுபடியும் அழுதார். "அன்னைக்கே கேட்டேனே ஐயா, பொட்டி நல்லா வேல செய்யுதான்னு," என்றார். குறையாகச் சொல்லவில்லை, சந்தோஷத்தில் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தை மறைக்க இன்னும் நாலு புத்தி சொன்னேன். "முதல்லை அந்த ஏஜென்சிக் கடிதத்தைத் திருப்பி வாங்குங்கோ. சும்மா இருக்கிற பிள்ளையின்ர வேலையைக் கெடுத்துப்போடாதேங்கோ. குவைத்துக்கும் இனி எடுக்க வேண்டாம்."

சொன்னபடியே அடுத்த நாள் போய்க் கடிதத்தைத் திருப்பி வாங்கிவிட்டார். வீட்டுப் பின்பக்கத்தில் போட்ட போஞ்சிக் காயில் ஒரு பை எனக்கென்று கிளாக்கரிடம் கொடுத்திருந்தார். புதன்கிழமை பதுளைக்கு வந்து சேர்ந்தது. நல்ல பிஞ்சுப் போஞ்சி.

இருபத்திரண்டாம் திகதி வெள்ளிக்கிழமை எனக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு வேலையும் இல்லை. இருந்தும் போனேன். இரண்டு ரிங்கையும் என் காதால் கேட்க வேண்டும் என்று ஆசை. இதில் மறைக்க என்ன இருக்கிறது? பெருமைதான். இராக்கம்மா அரை நாள் லீவு போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். துரை உள்ளே இருந்ததால் ஏதோ லீவுப் படிவத்துக்கு வந்தவர் மாதிரி கிளாக்கர் மேசைக்கு முன்னால் நின்றார். கிருஷ்ணராஜ் எழுதுகிறவர் மாதிரி எழுதிக்கொண்டிருந்தார். நான் பெட்டியைப் பார்க்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணி. மூன்று ஐந்து. மூன்று பத்து.

ஒரு ரிங்கும் இல்லை.

"ஐயா, ரிங்கே வரலைன்னா என்னா அர்த்தம்?" என்று இராக்கம்மா மெதுவாகக் கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. அதற்கு அர்த்தம் யாரும் வைத்திருக்கவில்லை.

லைன் செத்திருக்கும் என்று ரிசீவரைத் தூக்கினேன். உயிரோடு இருந்தது. முதலாளியை அடிக்கச் சொன்னேன். மணி கணீர் என்று அடித்தது. இராக்கம்மா ஒரு நொடி மலர்ந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் வாடினார். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. எக்ஸ்சேஞ்சில் திரும்பவும் எதையாவது மாற்றித் தொலைத்துவிட்டார்களா? "அண்ணன், எக்ஸ்சேஞ்சிலை இருந்து கடிதம் ஏதும் வந்ததா?" என்று கேட்டேன்.

"நேத்துத் தபால்ல வந்துச்சுங்க," என்று கிருஷ்ணராஜ் ஃபைலிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

மூன்றே வரி. நீங்கள் கேட்டபடி அழைப்புகளைப் பிரிக்கும் முறை சுழற்சியிலிருந்து வரிசைக்கு மாற்றப்பட்டது. மாற்றிய திகதி 14.06.2001.

பதினான்கு. சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன். பதினான்கு வியாழக்கிழமை. அதற்கடுத்த நாள்தான் மூன்றாவது ஒரு விரல்.

நான் சோதித்தது திங்கட்கிழமை. மாற்றியதும் அன்றுதான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். வரவே வராது என்று நினைத்த அரசாங்கக் கந்தோர் வேலை இரண்டு நாளில் முடிந்திருக்கிறது. அப்படியானால் அந்த வெள்ளிக்கிழமை பெட்டி வரிசை முறையில் இருந்திருக்கிறது. ஜீவராணி இரண்டு தரம் அடித்திருந்தால் இரண்டும் கிளாக்கர் மேசையில்தான் அடித்திருக்கும். அன்று அடித்தது ஒன்றுதான்.

"அண்ணன், போன வெள்ளி துரையின்ர அறையிலை மணி அடிச்சதா?" என்றேன்.

கிருஷ்ணராஜ் யோசித்தார். பேனாவைக் கீழே வைத்தார். "இல்லீங்க. அன்னைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்ல."

அதற்கு மேல் நான் யாரையும் கேட்கவில்லை. நடுக் கதவைத் தள்ளிக்கொண்டு துரையின் அறைக்குள் போனேன். வெளிநாட்டுக்கு எடுக்கிற வசதி அந்த ஃபோனில்தான் இருந்தது. "சேர், குவைத்துக்கு ஒரு கோல் எடுக்க வேணும். இப்பவே." என் குரல் எப்படி இருந்ததோ, துரை ஏன் என்றுகூடக் கேட்காமல் நாற்காலியைத் தள்ளி எழுந்துவிட்டார். பின்னாலேயே வந்த இராக்கம்மா இடுப்பில் செருகியிருந்த துண்டுக் கடதாசியை நீட்டினார். அந்த இலக்கத்தை இரண்டு தரம் பிழையாக அழுத்தி, மூன்றாம் தரம் சரியாக அழுத்தினேன். ஸ்பீக்கரைப் போட்டேன்.

நீளமாக அடித்தது. பிறகு யாரோ எடுத்தார்கள். பேச்சில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

"ஜீவா?" என்றார் இராக்கம்மா.

"அம்மா." சின்னக் குரல். "அம்மா, நீயா?"

"நான்தாண்டி. என்னாச்சு புள்ள? ஏன் இன்னைக்கு ரிங்கு குடுக்கல?"

"போனுக்குப் பூட்டுப் போட்டுட்டாங்கம்மா. வந்தா எடுக்கலாம், அடிக்க முடியாது. நீ எதுக்கும்மா மேடத்துக்கிட்ட எடுத்த? நான்தான் ரெண்டு ரிங்கு குடுத்தேனே."

"ஒன்னுதான் புள்ள கேட்டுச்சு."

"ரெண்டும்மா. ரெண்டு வாரமும் ரெண்டு குடுத்தேன். நல்லாத்தான இருந்தேன். நீ எடுத்த பொறகுதான் நான் போன் அடிக்கிறது அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. ரெண்டாவது தரம் நீ எடுத்த அன்னைக்கு அயர்ன் பெட்டியால கையில வச்சுட்டாங்க. சீழ் புடிச்சிருக்கும்மா. போன வெள்ளி நெசமாவே ஒரு ரிங்கு குடுத்தேன். ஒன்னே ஒன்னு. நீ எடுப்பேன்னு அன்னைக்குப் பொழுது சாயிற வரைக்கும், அப்புறம் இந்த வாரம் முழுக்கவும் போனுக்கிட்டயே நின்னேன். ஏம்மா எடுக்கல?"

துரை எங்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. விறுவிறுவென்று கிளாக்கர் மேசைக்குப் போய் அங்கிருந்த ஃபோனைத் தூக்கி, கொழும்பில் வெளிநாட்டு வேலைக் கந்தோரில் தனக்குத் தெரிந்த ஒருவரைக் கேட்டுச் சிங்களத்தில் உரத்துப் பேசத் தொடங்கினார். கிருஷ்ணராஜ் பக்கத்தில் நின்று பெயரையும் ஏஜென்சியையும் எழுதிக் கொடுத்தார்.

"அம்மா, இருக்கியா? ஏம்மா எடுக்கல?"

"பொட்டி கோளாறுன்னு ஐயா சொன்னாரு புள்ள," என்றார் இராக்கம்மா. "நீ ரெண்டு ரிங்கும் குடுத்தேன்னு சத்தியம் பண்ணிச் சொன்னாரு. நம்பிட்டேன்."

"எந்த ஐயா?"

இராக்கம்மா என்னைப் பார்த்தார். கோபமே இல்லாத பார்வை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தாங்க முடிந்திருக்கும். ரிசீவரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இந்தா நிக்கிறாரு. நீயே கேளு."

சனல், சுழற்சி, வரிசை என்று துரைக்கும் கிளாக்கருக்கும் வாய் ஓயாமல் விளக்கம் சொன்ன நான் ரிசீவரைக் காதில் வைத்தேன்.

"ஐயா," என்றாள் அந்தப் பிள்ளை. "எங்கம்மா எனக்குப் பொய் சொல்லாதுங்க. போன வெள்ளி பொட்டி கோளாறாங்க ஐயா? அதனாலதான் அம்மா எடுக்கலையா?"

ஆமாம் என்றால் அவளுக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல்.

"இல்லைத் தங்கச்சி," என்றேன். "பெட்டி அண்டைக்குச் சரியாத்தான் அடிச்சது. நான்தான் பிழை."